நிழல் புள்ளையின் கடைசிப் பக்கம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாசிக்கும்போது உதடு அசையும் என்று எங்கள் பிரஸ்ஸின் பைண்டிங் செக்‌ஷனில் கேலி பேசுவார்கள். அப்படி உதடு அசைத்து நான் முழுசாக வாசித்தது என்றால், மாதத்துக்கு ஒன்றாக வந்த ஒரு படக்கதையைத்தான்.

பதினைந்து வயசுப் பெண் ஒருத்தியின் கதை அது. அவள் படுத்துத் தூங்கும்போது அவளுடைய நிழல் மட்டும் எழுந்து வெளியே போகும். யாருக்கு என்ன ஆபத்தோ அங்கே போய் வேலையை முடித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி வந்து அவள் காலடியில் ஒட்டிக்கொள்ளும். அட்டையில் பெரிய பெயர் ஒன்று போட்டிருக்கும். நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்களுக்கு அவள் நிழல் புள்ளை.

அருள்புரத்தில், பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் பிரஸ். பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், டேக், பெட்டி அட்டை அடிப்பதுதான் வேலை. முதலாளிக்கு மட்டும் சின்ன வயசிலிருந்தே படக்கதைப் பைத்தியம். பிள்ளைகளுக்குப் பனியன் போடுகிற ஒரு கம்பெனிக்காரரைப் பிடித்து, பெட்டிக்குப் பெட்டி ஒரு புத்தகம் இலவசமாக வைக்கலாம் என்று பேசி முடித்துவிட்டார். பிற்பாடு பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலும் அது தொங்கியது.

கதை தயாராவது மாடி அறையில். படம் போடுகிறவர் ஒரு காலத்தில் சுவர் விளம்பரம் எழுதியவர். கதை எழுதுகிறவர் ஓய்வு பெற்ற வாத்தியார். என் மகள் அப்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பிரஸ்ஸுக்கு வந்து, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளை மாடிப்படியில் நின்று பார்த்துப் பார்த்துப் படம் போடுகிறவர் வரைந்திருக்கிறார். நிழல் புள்ளையின் மூக்கு, நெற்றி, பேசுவதற்கு முன்னால் கீழுதட்டைக் கடிக்கிற பழக்கம், எல்லாம் என் மகளுடையது. இவள் ஒரு மாதம் இரட்டைச் சடை போட்டால் அடுத்த மாதம் அவளுக்கும் இரட்டைச் சடை வரும். இவள் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திக்கொண்டு நடந்தால், அடுத்த மாதம் அவள் செருப்பிலும் ஊக்கு இருக்கும். மகளுக்குப் பெருமை தாங்காது. எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் பிடிக்கும்.

படம் போடுகிறவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. வாத்தியாரையும் மகன் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான். படம் போடுகிறவர் தன் ஊரான கொமரலிங்கத்துக்கே திரும்பிப் போகிற அன்று, பைகளோடு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"அம்மிணி, உங்க புள்ளையப் பாத்து நான் வரைஞ்சேன். அவ ஒன்னு பண்ணுவா, நான் அதுக்குப் பொறகால வரைவேன். இனி வர்றவங்க பாக்காம வரைவாங்க."

"அதுல என்னங்க ஆயிரப் போகுது?" என்று கேட்டேன்.

"ஒன்னும் ஆகாதுங்க," என்றார். ஆனால் என் மகள் உட்காருகிற காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

புதிதாக வந்தவர்கள் மெட்ராஸ்காரர்கள், சின்ன வயசு. கதை எழுத ஒரு பையன், படம் போட ஒரு பெண். பழையவரின் படங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அவர்களிடம் கொடுத்தார் முதலாளி. மாடிக்குக் கம்ப்யூட்டர் வந்தது, ஸ்கேனர் வந்தது. சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள்.

"வீட்டுக்கு வீடு கேபிள்ல இருவத்திநாலு மணி நேரமும் கார்ட்டூன் ஓடுது சார். உங்க கதைப் பொண்ணு இன்னும் ரிப்பன் கட்டிட்டு, தொலைஞ்ச ஆட்டுக்குட்டியைக் கண்டுபிடிச்சிட்டு இருக்கா," என்றான் அந்தப் பையன். முதலாளி தலையைத் தடவிக்கொண்டே, "நம்ம பசங்க பயந்துக்க மாட்டாங்களா தம்பி?" என்றார்.

"பயந்தாத்தான் சார் அடுத்த மாசமும் வாங்குவாங்க."

பக்க எண்ணையும் எடுத்துவிட்டார்கள். அது படத்தைக் கெடுக்கிறதாம். மடித்துக் கட்டுகிற எங்களுக்கு அது பெரிய இடைஞ்சல். புத்தகம் என்றால் நாலைந்து தாள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, நடுவில் பின் அடித்தது. எல்லாவற்றுக்கும் வெளியே வருகிற தாளில்தான் கதையின் முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் இருக்கும். அதை நேராக மடித்தால் கதை நேராக வரும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்துவிட்டால், முடிவு முன்னால் வந்து நிற்கும், ஆரம்பம் கடைசிக்குப் போய்விடும். முன்பெல்லாம் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும், பின்னைப் பிரித்துச் சரி செய்துவிடுவோம். இனி தாளின் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்னக் கூட்டல் குறிதான் அடையாளம். அதுவும் கட்டிங் மிஷினில் வெட்டுப்பட்டுப் போய்விடும். வரிசையில் முதல் ஆளாக நான் உட்காருவதால் வெளித்தாள் எப்போதும் என் கையில்.

அவர்கள் போட்ட முதல் புத்தகம் அச்சாகி வந்தபோது மையின் வாடையே வேறு மாதிரி இருந்தது. பக்கம் முழுக்கக் கறுப்பு. நிழல் புள்ளையின் முகத்தில் பாதி இருட்டுக்குள் இருந்தது. தாளைத் தொட்டால் விரலெல்லாம் கறுப்பு ஒட்டும். எனக்கு அடுத்து உட்காருகிறவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள், கழுத்தில் சிலுவைக் கயிறு போட்டிருப்பாள். எந்நேரமும் வாய் ஓயாது.

"யக்கா, ஒங்க மவ மூஞ்சில இம்புட்டு மையைக் கொட்டி வச்சிருக்காவளே. வீட்டுல போய் நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டுங்க."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் புத்தகத்தில் நிழல் புள்ளையின் இடது முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. ஏன் என்று கதையில் எங்கும் சொல்லவில்லை. பெட்டிகள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் என் மகள் வாய்க்கால் மேட்டில் சைக்கிளோடு விழுந்தாள். இடது முழங்கால். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்த்து, "கதையில வந்தமாதிரியே வந்துட்டயே" என்று நானே சிரித்தேன்.

அவள் அப்போது பிரஸ்ஸுக்கு வருவதில்லை. பத்தாவது, ட்யூஷன் என்று நேரம் போய்விடும். மாடிக்கு வந்த புதியவர்கள் அவளை ஒரு நாளும் பார்த்தது கிடையாது.

அடுத்த புத்தகத்தில் நிழல் புள்ளைக்குப் பேச்சே இல்லை. மற்றவர்கள் வாயருகில் எல்லாம் வட்டம் போட்டு எழுத்து இருந்தது. அவள் வாயருகில் வெறும் இடம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற எனக்கு அது சீக்கிரமே கண்ணில் பட்டது. அந்த மாதம் என் மகளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடட்டுமா என்றால் தலையை ஆட்டுவாள். "ஏங் கண்ணு, பள்ளிக்கூடத்துல யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன். கீழுதட்டைக் கடித்தாள். பேசப் போகிறாள் என்று காத்திருந்தேன். பேசவில்லை.

அதற்கடுத்த தாள்கள் வந்தபோது நான் சிரிக்கவில்லை. நிழல் புள்ளைக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

என் மகளுக்கு இடுப்புவரைக்கும் முடி. அதில் யாரும் கத்தரி வைக்கக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, விட்டு விட்டு வந்தது. டைபாய்டு என்றார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஒரு நாள் வேலை விட்டு வந்து பார்க்கிறேன், என் தங்கை அவள் தலையை ஒட்ட வெட்டிவிட்டு, முடியைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சிக்கு விழுந்து தலையே நாறுதக்கா. நீ ஏன் இப்படி நிக்கற? முடிதானே, வளந்துட்டுப் போகுது."

மகள் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். அந்தத் தலையும் அந்த முகமும் நான் ஏற்கெனவே கட்டுக் கட்டாக மடித்து அனுப்பியது. எங்கே சாய்ந்திருந்தாளோ, எப்படிக் கையை வைத்திருந்தாளோ, அதுகூட.

மறுநாள் மாடிப்படி ஏறினேன். அந்தப் பிரஸ்ஸில் அத்தனை வருசம் இருந்தும் வேலை சொல்லாமல் மாடிக்கு நான் போனதில்லை. வாசலிலேயே நின்றேன். படம் போடுகிற பெண் மட்டும் இருந்தாள். பகல் வேளையிலும் அறை இருட்டாக இருந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் வெளிச்சம். அதில் என் மகளின் முகம் சுவர் உயரத்துக்குத் தெரிகிற மாதிரி எனக்குப் பட்டது.

"உள்ள வாங்கம்மா. என்ன வேணும்?"

"ஒன்னுமில்லீங்க. அந்தப் புள்ளைக்கு முடிய ஏனுங்க வெட்டுனீங்க?"

அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "தெரியலம்மா. நீளமாத்தான் வரைய உக்காந்தேன். கை அப்படிப் போயிடுச்சு."

திரையில் நிழல் புள்ளை விளக்குக்கு முன்னால் நின்றாள். அவளுடைய நிழல் பின்பக்கம் விழாமல் விளக்கை நோக்கி விழுந்திருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு படம் போடுகிறவளே சொன்னாள்: "நிழல் வெளிச்சத்தப் பாத்து விழுந்தா, படிக்கிறவங்களுக்கு என்ன தப்புன்னே தெரியாது. ஆனா உள்ள ஒரு பயம் வரும். யாருமே கண்டுபிடிக்கல, நீங்கதான் பாத்தீங்க."

"அடுத்ததுல அதுக்கு என்னாகுமுங்க?"

"நிழல் காலைல திரும்பி வரும்மா. கட்டில் காலியா இருக்கும். அதோட அவ கதை முடிஞ்சது. வேற ஒரு பையனை வெச்சு ஆரம்பிக்கிறோம்."

"மாத்த முடியாதுங்களா?"

"அச்சடிக்கப் பிளேட் போட்டாச்சேம்மா. ஏன், உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா அவள?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அது என் மகள் முகம் என்று வாய் வரைக்கும் வந்தது. "புடிக்குமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் எழுந்து கதவு வரைக்கும் நடந்தாள். வெளியே நல்ல வெயில், வீட்டுக்குள் வெளிச்சம் கதவு வழியாகத்தான் வரும். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், உள்ளே உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிழல் உள்பக்கமாக, என்மேல் விழ வேண்டும். என்மேல் விழவில்லை. தரையில் வெறும் வெயில்தான் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். வாசப்படிக்கு வெளியே, வெயிலுக்குள், தெருவைப் பார்த்து நீண்டு கிடந்தது நிழல். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்ப்பதற்குள் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொட்டால் அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலில் சேதமாகியிருக்கலாம், பொறுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

கடைசிப் புத்தகத்தின் தாள்கள் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். அவள் அப்பா பக்கத்தில் இருந்தார். தீபாவளிக்குப் போகிற பனியன் பெட்டிகள் புத்தகத்துக்காக லாரியில் ஏறாமல் நிற்கின்றன, ஒரு பகல் மட்டும் வாருங்கள் என்று முதலாளி ஆள் அனுப்பினார். போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளை வேறொருத்தி மடிப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

வெளித்தாள் என் முன்னால் அடுக்கி இருந்தது. ஒரு பாதியில் கதையின் ஆரம்பம்: நிழல் புள்ளை காலையில் கண் விழிக்கிறாள், கண்ணாடி முன் நின்று ஒட்ட வெட்டிய தலையைச் சீப்பால் வாருகிறாள், வெயிலில் இறங்கி நடக்கிறாள், நிழல் ஒழுங்காகப் பின்னால் வருகிறது. இன்னொரு பாதியில் முடிவு: நிழல் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கட்டிலில் மடித்து வைத்த போர்வை. எழுத்தே இல்லை. நான் அந்தக் கட்டிலைப் பார்க்காமல் மடித்தேன். கண்ணைச் சன்னலில் வைத்துக்கொண்டு, கை போன போக்கில் மூங்கில் பத்தையால் மடிப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பக்கத்தில் வைத்தேன். இடையில் ஒரு தரம்கூட யாரோடும் பேசவில்லை. தூத்துக்குடிக்காரியும் அன்று வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அடுக்கு நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தியானம் வரைக்கும் அசையவே இல்ல. சாயங்காலம் தானா எந்திரிச்சுச் சீப்பு கேக்கறா. இல்லாத முடிக்கு எதுக்குச் சாமி சீப்புங்கறேன், மொறைக்கறா."

"அம்மா, சீப்பு எங்கம்மா?" என்றாள். எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட குரல்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கின கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் கறுப்பு. என் கையில் இருந்த மை ஒட்டியிருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அதுவரைக்கும் நான் அவளைத் தொட்டிருக்கவில்லை.

பெட்டிகளெல்லாம் லாரி ஏறிப் போன பிறகுதான் பிரஸ்ஸில் சத்தம் கிளம்பியது. கதை எழுதுகிற பையன் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"யார் மடிச்சது இது? மொதப் பக்கத்துலயே காலி கட்டில். கடைசியில எந்திரிச்சுத் தலை சீவிட்டுப் போறா. என் கதையக் குப்புறப் போட்டு வெச்சிருக்கீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி மீதி இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். ஒன்றுகூட நேராக இல்லை. வெளித்தாள் எல்லாமே திருப்பி மடித்திருந்தது.

"அக்கா, ஒன்னு ரெண்டு மாறலாமுங்க. அத்தனையும் எப்படிங்க மாறும்? கண்ணுக்கு முன்னாடி படம் தெரியுதில்லீங்களா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க."

"பின்ன?"

நான் தெரிந்து செய்யவில்லை. அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். படம் போடுகிற பெண் அந்தப் புத்தகத்தை வாங்கி, படியிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரைக்கும் பார்த்தாள். நிழல் ஒரு காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறது, ஊரெல்லாம் தேடுகிறது, கடைசியில் அவள் எழுந்து வெயிலுக்கு வருகிறாள், நிழல் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறது. பார்த்து முடித்து அவள் சொன்னாள்: "இது தப்பா மடிச்ச மாதிரி இல்ல. இப்படித்தான் வரைஞ்சிருக்கணும் நான்."

"வெளையாடாத," என்றான் அவன்.

"நெஜமாத்தான். அவ போகல. அடுத்த மாசமும் அவதான்."

கடைகளிலிருந்து பிள்ளைகள் அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்கிற செய்தி வந்ததும் முதலாளியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். புதுப் பையனின் கதை மாடியிலேயே கிடந்தது. அவனும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மறந்துவிட்டான்.

மகள் வீட்டுக்கு வந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். சாப்பாட்டு வேளையில் தூத்துக்குடிக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மவளுக்கு இப்ப எப்படி இருக்குக்கா?"

"தேவலை. கஞ்சி குடிக்கறா."

"பொறவு ஏன்க்கா தீபாவளிப் புத்தகம் மடிச்ச அன்னைக்கு அந்தப் பிள்ளைய வேலைக்குக் கூட்டிட்டு வந்தீங்க? முடியாத பிள்ளைய."

"எந்தப் புள்ளைய?"

"ஒங்க பக்கத்துல உக்காந்து மடிச்சு மடிச்சுத் தந்துச்சே. ஒட்ட வெட்டுன தலையோட. நான் பேசுனா நிமுந்துகூடப் பாக்கல. சீக்குல இருக்க பிள்ளை, பேச்சுக் குடுக்க வேண்டாம்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

நான் சோற்றை மூடி வைத்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். எந்நேரமும் கேலி பேசுகிறவள்தான். ஆனால் அன்று அவள் முகத்தில் கேலி இல்லை.

"ஆமா, வந்திருந்தா," என்றேன்.

படம் போடுகிற பெண் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதலாளி சொல்லித்தான் முகம் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள் வாசலுக்கு வந்து வெயிலில் நின்றாள். அந்தப் பெண் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தரையைத்தான் பார்த்தாள். பிறகு மூச்சு விட்டாள். "இனிமே உன்னைப் பாத்துதான் வரைவேன், சரியா?" என்றாள். என் மகள் கீழுதட்டைக் கடித்துவிட்டு, "முடி வளந்தப்புறம் வரைங்கக்கா" என்றாள். அதன் பிறகு கதை நின்றுபோகிறவரைக்கும் எதுவும் முதலில் என் மகளுக்கு வந்து, அதற்குப் பின்னால்தான் நிழல் புள்ளைக்கு வந்தது. முடிகூட.

திருப்பி மடித்த அந்தப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மீதியான வெளித்தாள்கள் சிலவற்றையும் கொண்டுவந்து வைத்திருந்தேன். சில வருசம் கழித்து ஒரு பகலில், அப்படித் திருப்பி மடித்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். கூட்டல் குறியைப் பார்த்ததுமே கை தானாக நேராகத் திருப்பிக்கொள்கிறது. வேண்டுமென்றே முயன்றாலும் மடிப்பு கோணிக்கொண்டு போகிறது. அந்தப் புத்தகத்தின் மடிப்போ கத்தி மாதிரி இருக்கிறது.

மகள் இப்போது காங்கேயத்தில் குடியிருக்கிறாள். முடி திரும்ப இடுப்புக்கு வந்துவிட்டது. இங்கே வந்தால் என்னைக் கடைக்குக் கூட்டிப் போவாள். அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால் போவேன். சாயங்கால வெயிலில் அவள் நிழல் நீளமாக என் காலுக்கு வரும். நான் அதை மிதிக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கால் வைத்து நடப்பேன்.

"ஏம்மா இப்படிக் கோணக் கோண நடக்கற?" என்று திரும்பிக் கேட்பாள்.

"ரோட்டுல கல்லு கண்ணு, நீ நட," என்பேன்.